மூன்றாம் நாள் வந்து பெற்றுக்கொள்ளவும்

பிறர் நுழைவதற்கென்று நீங்கள் அமைத்த வாசலில், அவர்களுடைய உயரத்துக்குக் குனிந்து, அவர்களுடைய சுமையைத் தூக்கிக்கொண்டு, ஒரு முறையேனும் நீங்கள் நுழைந்து பார்த்ததுண்டா?

உடனே விடை சொல்ல வேண்டாம்.

தங்கையா உடனே விடை சொன்னவர்.

கரிசல் காட்டு நகரம் ஒன்றின் நூலகத்துக்கு இணையதளம் அமைக்க வந்தவர் அவர். வயது ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு ஆண்டுகள் பெருநகரத்து நிறுவனங்களுக்குத் திரைகளை வடிவமைத்துப் பேர் வாங்கியவர். வாசகர்கள் தங்கள் கைப்பேசியிலேயே புத்தகத்தைத் தேடலாம். அது வெளியே போயிருந்தால் தமக்கென்று முன்பதிவு செய்யலாம். அப்படியொரு பட்டியலை அவர் செய்து முடித்திருந்தார்.

நூலகர் வான்மதி அவரைவிடப் பதினோரு வயது இளையவர். ஆனால் புத்தகம் எப்படி ஒரு வாசகரைத் தேடிச் செல்கிறது என்பதை அவரிடம்தான் தங்கையா கற்றுவந்தார். ஆகவே, வயதில் சிறியவராயினும், அவரே ஆசிரியர்.

பட்டியல் வெளியாகி நாற்பது நாள் ஆகியிருந்தது. பணி நிறைவுச் சான்றில் நூலகர் இன்னும் கையெழுத்திடவில்லை.

திங்கட்கிழமை காலையில் தங்கையா அவர் மேசைமுன் போய் நின்றார்.

"என் வேலையில என்ன குறை மேடம்? சொன்னாத்தானே தெரியும்?"

நூலகர் ஒரு புத்தகத்தின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"உங்க கணினி என்ன சொல்லுது?"

"நூறு பேர் முன்பதிவுப் பக்கத்துக்கு வர்றாங்க. அதுல நாற்பத்தெட்டு பேர் கடைசிப் பொத்தானை அழுத்தாமலே போயிடறாங்க."

"ஏன்?"

"மனசு மாறியிருக்கும். பொறுமை கிடையாது. இந்தக் காலத்துல விரலை அசைக்கக்கூட ஜனங்களுக்குச் சோம்பல்."

"அவங்க சொன்னாங்களா?"

"யாரு?"

"அந்த நாற்பத்தெட்டு பேர்."

தங்கையா சிரித்தார். நூலகர் சிரிக்கவில்லை.

அப்போது, புத்தகம் கொடுக்கும் மேடையருகே ஒரு பெண்ணின் குரல் உயர்ந்தது.

அவர் பெயர் இசக்கியம்மாள். தீப்பெட்டி ஆலையில் பெட்டி அடுக்குபவர். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அரசுப் பணித் தேர்வு. வயது வரம்பு இந்த ஆண்டோடு முடிகிறது. அடுத்த தேர்வு என்று ஒன்று அவருக்கு இல்லை. கணக்குத்தாள் ஒன்றுதான் அவரை மிரட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கை அவருக்குப் புரியும்படி விளக்கும் புத்தகம் நூலகத்தில் ஒரே ஒரு படி இருந்தது. அது வெளியே போயிருந்தது.

"போன வாரமும் வந்தேன். பதிஞ்சிருக்கேன்னு சொன்னேன். இல்லன்னீங்க. மறுபடியும் பதிஞ்சேன். இன்னைக்கும் இல்லங்கீங்க."

மேடையிலிருந்த உதவியாளர் திரையைப் பார்த்தார்.

"உங்க எண்ணுல ஒண்ணுமே பதிவாகலம்மா. போன்லதான் பதியணும். இங்க நோட்டுல எழுதுறதை நிறுத்தியாச்சு."

"நோட்டு இருந்தப்பவாவது என் பேரு அதுல இருந்துச்சு."

அந்த நோட்டை நிறுத்தச் சொன்னவர் தங்கையா. இரண்டு வழி இருந்தால் ஒருவரும் புது வழிக்கு வர மாட்டார்கள் என்பது அவர் கொள்கை. நூலகரும் அதற்கு இசைந்திருந்தார்.

இசக்கியம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆலைப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

"சரி, இன்னைக்குச் சாயங்காலம் இன்னொருக்க பதியுதேன். வியாழக்கிழமை வருவேன். அன்னைக்கும் இல்லன்னு சொன்னீங்கன்னா, நான் இங்கேயே பாயை விரிச்சிருவேன், பாத்துக்கிடுங்க."

அவர் ஓடினார்.

"பார்த்தீங்களா மேடம்?" என்றார் தங்கையா, குரலைத் தாழ்த்தி. "பொத்தானை அழுத்தியிருக்க மாட்டாங்க. அழுத்தினேன்னு நினைச்சுக்கிட்டுச் சண்டைக்கு வர்றாங்க."

நூலகர் இப்போதுதான் நிமிர்ந்தார்.

"நீங்க எதுல சோதிச்சுப் பார்த்தீங்க?"

தங்கையா தம் மேசைக்கு அழைத்துப் போனார். அங்கே இரண்டு முழம் அகலத்தில் ஒரு திரை இருந்தது. அதில் தம் பக்கத்தைத் திறந்து, அதன் சன்னலின் ஓரத்தை மவுஸ் சுட்டியால் பிடித்து, உள்ளே தள்ளி, கைப்பேசி அகலத்துக்குச் சுருக்கிக் காட்டினார். இத்தொழிலில் உள்ளவர்கள் அப்படித்தான் சோதிப்பது வழக்கம்.

"ஆயிரம் தடவை பார்த்தாச்சு. மேலே புத்தகத்தோட பேரு. அதுக்குக் கீழே, 'மூன்றாம் நாள் வந்து பெற்றுக்கொள்ளவும்'னு ஒரு வரி. அப்புறம் உறுப்பினர் எண் போடற கட்டம். கடைசியில பச்சைப் பொத்தான். கண்ணு தெரியாதவங்களுக்குக்கூடத் தெரியும்."

"இது நகராதா?"

"நகராது மேடம். பக்கத்தைப் பூட்டி வச்சிருக்கேன். மேலும் கீழும் ஆடினா பார்க்க அழகா இருக்காது." அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது.

நூலகர் குனிந்தார். சுட்டியின் வாலைக் கணினியிலிருந்து பிடுங்கினார். சுட்டியைத் தம் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

"மேடம்!"

"நாளைக்குப் போனோட வாங்க."

*

செவ்வாய்க்கிழமை தங்கையா தம்முடைய கைப்பேசியைக் கொண்டுவந்தார். புதியது. உள்ளங்கையைவிடப் பெரியது.

நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து ஒரு புத்தகத்தைத் தேடினார். எண்ணை இட்டார். பொத்தானை அழுத்தினார்.

"இருபது விநாடி மேடம்."

"எழுந்திருங்க."

எழுந்தார். நூலகர் நாற்காலியை இழுத்து அப்பால் வைத்தார். நான்கு தடித்த புத்தகங்களை எடுத்து அவருடைய இடக்கையில் அடுக்கினார். தம் சாப்பாட்டுப் பையை அவர் முழங்கையில் மாட்டினார்.

"இப்போ தேடுங்க."

தேடும் கட்டம் திரையின் உச்சியில் இருந்தது. தங்கையாவின் பெருவிரல் அங்கே எட்டவில்லை. எட்டிப் பிடிக்க முயன்றபோது மேலிருந்த புத்தகம் சரிந்து அவர் கால்மேல் விழுந்தது.

படிப்பு அறையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாப்பாடு பத்திரம்," என்றார் நூலகர்.

மாலைக்குள் தங்கையா தேடும் கட்டத்தைத் திரையின் அடிப்பகுதிக்கு இறக்கிவிட்டார். ஓடி வந்து காட்டினார்.

"புரிஞ்சிடுச்சு மேடம். பெருவிரலுக்கு எட்டணும். அதானே?"

"எட்டணும்."

"அப்போ கையெழுத்து?"

"அந்த நாற்பத்தெட்டு பேரும் கையில நாலு புத்தகத்தோட நின்னாங்களா?"



*

புதன்கிழமை காலை முதல் வேலையாக அவர் எண்ணிக்கையைப் பார்த்தார்.

நாற்பத்தேழு.

நாள் முழுதும் நொடிக்கொருமுறை அந்த எண்ணைப் பார்த்தார். அது அசையவில்லை. தேநீர் ஆறியது. அவர் உழைப்பின்மேல் யாரோ ஈரத் துணியைப் போட்டு மூடியதுபோல் இருந்தது.

பிற்பகலில் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றியபடி உள்ளே வந்தார். நூற்பாலையில் வேலை செய்யும் சுடலைமணி. தம் கைப்பேசியில் வந்திருந்த செய்தியை நீட்டினார். உதவியாளர் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் நன்றி சொல்லிப் போனார்.

தங்கையாவுக்கு உயிர் வந்தது.

"பாருங்க மேடம்! பதிஞ்சாரு, செய்தி போச்சு, வந்தாரு, எடுத்தாரு. முறை ஓடுதா இல்லையா?"

"எந்தப் புத்தகம்?"

"கணக்கு விளக்கம். இன்னைக்குத்தான் திரும்பி வந்துச்சு."

நூலகர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அது அந்த அம்மா கேட்ட புத்தகம்."

"ஆமா. அவங்க போன வாரமே பதிஞ்சிருந்தா இவருக்கு முன்னாடி இருந்திருப்பாங்க. பதியலையே."

"உறுதியா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது மேடம்."

நூலகர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். புத்தகம் போன திசை அது.

தங்கையாவால் பொறுக்க முடியவில்லை.

"மேடம், வெள்ளிக்கிழமையோட என் ஒப்பந்தம் முடியுது. மவுஸைப் பூட்டினீங்க, பொறுத்துக்கிட்டேன். நாற்காலியை எடுத்தீங்க, நின்னேன். இன்னும் என்னதான் குறை? உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லிடுங்க."

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா திங்கட்கிழமையே சொல்லியிருக்க மாட்டேனா? நூத்துக்கு நாற்பத்தேழு பேர் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போறாங்க. ஏன்னு எனக்குத் தெரியல. அதுதான் என்னைத் தூங்க விடல. உங்களுக்குத் தூக்கம் வருதா?"

கேட்பவரே, ஆசிரியருக்கும் விடை தெரியாது என்று அறிந்த மாணவனின் அச்சத்தை நீங்கள் அனுபவித்ததுண்டா? பற்றிக்கொள்ள இருந்த ஒரே கிளையும் அப்போது கையோடு வந்துவிடுகிறது.

தங்கையா முதன்முறையாக அந்த எண்ணிக்கையைப் பார்க்க அஞ்சினார்.

*

வியாழக்கிழமை. நூலகம் திறக்கும்போதே இசக்கியம்மாள் வாசலில் நின்றிருந்தார். தோளில் ஒரு துணிப்பை. அதில் நோட்டும் இரண்டு பேனாக்களும்.

"இன்னையிலருந்து ஞாயிறு வரைக்கும் பரீட்சைக்குன்னு ஆலையில லீவு சொல்லிட்டேன்," என்றார். "மூணு நாள் போதும். உக்காந்தா முடிச்சிருவேன். புத்தகத்தைக் குடுங்க."

உதவியாளர் எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு தங்கையாவைப் பார்த்தார்.

அந்தப் பார்வையே இசக்கியம்மாளுக்குப் போதுமானதாக இருந்தது.

"இல்லையா?"

தங்கையா முன்னே வந்தார்.

"பதிவே இல்லம்மா. மூணு தடவையும் இல்ல. நேத்து அந்தப் புத்தகத்தை வேறொருத்தர் வாங்கிட்டுப் போயிட்டார். திரும்பி வரப் பதினாலு நாள் ஆகும்."

இசக்கியம்மாள் துணிப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப நான் பொய் சொல்லுதேனா அண்ணாச்சி?"

"அப்படிச் சொல்லல. ஆனா கம்ப்யூட்டர்ல..."

"உங்க கம்ப்யூட்டர் என்ன, அரிச்சந்திரனுக்குப் பேரனா? அது சொன்னா மெய், நான் சொன்னா பொய்யா? மூணு தடவை பதிஞ்சேன். மூணு தடவையும் எண்ணைப் போட்டேன். மூணாம் நாள் வான்னு அதுதான் சொல்லுச்சு. நானா வந்தேன்?"



நூலகர் எழுந்து வந்தார்.

"உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களாம்மா?"

இசக்கியம்மாள் தந்தார். நூலகர் அதை வாங்கி, பார்க்காமலே, தங்கையாவின் கையில் வைத்தார்.

"இவங்களுக்காக நீங்க பதியுங்க."

சிறிய கைப்பேசி. கண்ணாடியின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு விரிசல். தங்கையா அதைத் திறந்தார். திறந்தவுடன் சற்றே தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

எழுத்துகள் ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவுக்கு இருந்தன.

"என்ன இது, இவ்வளவு பெரிசா?"

"எனக்கும் எங்க அம்மைக்கும் சேத்து ஒத்தப் போனுதான். அவளுக்குச் சின்ன எழுத்து தெரியாது. அதான் பெரிசா வச்சிருக்கு. ஏன், அது தப்பா?"

"தப்பில்ல," என்றார் தங்கையா.

புத்தகத்தைத் தேடினார். கிடைத்தது. முன்பதிவுப் பக்கத்தைத் திறந்தார்.

புத்தகத்தின் பெயர் நான்கு வரிக்கு நீண்டிருந்தது. அதன்கீழ், 'மூன்றாம் நாள் வந்து பெற்றுக்கொள்ளவும்'. அதுவும் நான்கு வரி. அதன்கீழ் எண் இடும் கட்டம். கட்டத்தோடு திரை முடிந்துவிட்டது.

அவர் எண்ணை இட்டார்.

விசைப்பலகை எழுந்து வந்து பாதித் திரையை மூடிக்கொண்டது. அதை இறக்கினார். பக்கத்தை மேலே தள்ளினார்.

அது அசையவில்லை.

இன்னொரு முறை தள்ளினார். இரண்டு விரலால் தள்ளினார். கைப்பேசியைப் படுக்கவைத்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். பூட்டிய பக்கம் பூட்டியபடியே நின்றது.

இசக்கியம்மாள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"ஆமா, இதத்தான் நானும் செஞ்சேன். எண்ணு சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருக்கு."

"அப்புறம் என்ன அண்ணாச்சி செய்யணும்?"

அது ஒரு சாதாரணக் கேள்வி. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி. அதில் ஏளனம் துளியும் இல்லை.

"கீழே... ஒரு பச்சைப் பொத்தான் இருக்கு."

"எங்க?"

தங்கையா தம் ஆட்காட்டி விரலைத் திரையின் அடிவிளிம்புக்குக் கொண்டுபோனார். விரல் விளிம்பைத் தாண்டிக் காற்றில் நின்றது.

"இங்க."

இசக்கியம்மாள் அந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

"அண்ணாச்சி, இது நல்ல கூத்தா இருக்கே. இல்லாத பொத்தானை அழுத்தலன்னா என்னைய இத்தனை நாள் அலைய விட்டீங்க?"

தங்கையா அப்படியே நின்றார்.

நாற்பது நாளாக ஒருவர் முகமும் இல்லாமல் வெறும் எண்ணாக இருந்த ஒன்று அவர்முன் வந்து நின்றுகொண்டிருந்தது. அதற்குத் துணிப்பை இருந்தது. இரண்டு பேனாக்கள் இருந்தன.

"மத்தவங்க யாரு?" என்றார் நூலகர், மிக மெதுவாக.

"எந்த மத்தவங்க?"

"எண்ணைப் போட்டுட்டு, மூணாம் நாள் கிடைக்கும்னு நம்பிப் போனவங்க. அவங்க பேரு இருக்கா?"

"இல்ல மேடம்." தங்கையா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "பொத்தானை அழுத்தினாத்தான் பேரு பதிவாகும். அழுத்தலன்னா வந்தாங்கன்னு மட்டும் தெரியும். யாருன்னு தெரியாது."

"அப்போ அவங்க இன்னைக்கும் பஸ்ல வந்துக்கிட்டிருக்காங்க."

வெளியே ஒரு பேருந்து நின்று கிளம்பும் ஓசை கேட்டது. தங்கையா வாசலை நோக்கித் திரும்பினார். யாரும் இறங்கி வந்துவிடக் கூடாதே என்று அவர் அஞ்சியது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

நூலகர் அலமாரியைத் திறந்தார். நிறுத்தப்பட்ட நோட்டை எடுத்து மேடைமேல் விரித்தார். அன்றைய தேதியை எழுதினார். முதல் பெயராக இசக்கியம்மாளின் பெயரை எழுதினார்.

"இதை மூடச் சொன்னது நீங்க. சரின்னு தலையாட்டினது நான்," என்றார். "ரெண்டு பேருக்கும் சேர்த்து அந்த அம்மா பஸ் ஏறியிருக்காங்க."

தங்கையா தம் மேசைக்கு விரைந்தார்.

"ஒரு மணி நேரம் குடுங்க மேடம். பூட்டை எடுத்துடறேன். பொத்தானைக் கட்டத்துக்கு மேலேயே ஏத்திடறேன். எவ்வளவு பெரிய எழுத்தா இருந்தாலும் தெரியற மாதிரி..."

"செய்யுங்க. கட்டாயம் செய்யுங்க."

"இதோ."

"செஞ்சா, இவங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள படிச்சிடுவாங்களா?"

தங்கையாவின் கை விசைகளின்மேல் நின்றது.

எந்தத் திருத்தமும் நேற்றைய புதன்கிழமையைத் திருப்பித் தராது. அந்தப் புத்தகம் இப்போது வேறொரு வீட்டில் இருக்கிறது. கொடுத்தவர்கள் முறைப்படி கொடுத்தார்கள். வாங்கியவர் முறைப்படி வாங்கினார்.

"நான் என்ன செய்யணும் மேடம்?"

நூலகர் மேடையிலிருந்த தொலைபேசியை எடுத்தார். பதிவேட்டில் ஓர் எண்ணைப் பார்த்து அழுத்தினார். மறுமுனையில் மணி அடித்தது.

"சொல்லுங்க மேடம், சுடலைமணிதான். புத்தகம் நேத்துத்தானே எடுத்தேன்? அதுக்குள்ளயா?"

"அவசரம் ஒண்ணும் இல்ல... இல்ல, இருக்கு. ஒருத்தர் உங்ககிட்டப் பேசணும்."

தொலைபேசியைத் தங்கையாவின் கையில் கொடுத்தார்.

"நானா?" என்றார் தங்கையா, பேசும் முனையைக் கையால் மூடிக்கொண்டு. "நூலகர் நீங்க கேட்டாக் குடுத்துடுவாரே."

"நான் கேட்டா அது உத்தரவாயிடும். கொடுத்த புத்தகத்தைப் பிடுங்க எனக்கு உரிமை கிடையாது. நீங்க கேளுங்க. நீங்க கேட்டா அவரு மாட்டேன்னு சொல்லலாம்."

அவர் மாட்டேன் என்று சொல்லலாம். தங்கையா தொலைபேசியைக் காதில் வைத்தார்.

"வணக்கம் தம்பி. என் பேரு தங்கையா. நூலகத்து இணையதளத்தைச் செஞ்சவன்."

"அடடே, நீங்கதானா சார்! அருமையாச் செஞ்சிருக்கீங்க. ரெண்டு அழுத்து, புத்தகம் கையில. எங்க ஆலையில எல்லாத்துக்கும் சொல்லிட்டேன்."

நாற்பது நாளாக அவர் காத்திருந்த பாராட்டு அது. தங்கையா கண்களை மூடிக்கொண்டார்.

"இல்ல தம்பி. அருமையாச் செய்யல. உங்க போன்ல தெரியற பொத்தான் ஒரு அம்மாவோட போன்ல தெரியாம செஞ்சு வச்சிருந்தேன். உங்களுக்கு முன்னாடியே, போன வாரத்துலருந்தே அவங்க அந்தப் புத்தகத்துக்குப் பதிய முயற்சி பண்ணினாங்க. மூணு தடவை. அவங்களைப் பொய்க்காரின்னு ஆக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு அரசுப் பணித் தேர்வு. உங்க கையில இருக்கிறது அவங்க முறை."



"எனக்கும் ஞாயித்துக்கிழமைதான் சார் பரீட்சை. அதே பரீட்சைதான்."

தங்கையா நிமிர்ந்தார். நூலகர் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனை சொன்னது இசக்கியம்மாளுக்கும் கேட்டுவிட்டது. அவர் தலையை அசைத்தார்.

"வேண்டாம், விடுங்க அண்ணாச்சி," என்றார். "அவரும் படிக்கணும்ல? பாவம், அவரு என்ன செய்வாரு?"

அவர் துணிப்பையைத் தோளில் ஏற்றினார். வாசலை நோக்கி ஓரடி வைத்தார்.

தங்கையா தொலைபேசியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வச்சிடாதீங்க. உங்களுக்கு என்ன ஷிப்டு?"

"மத்தியானம் ரெண்டுலருந்து ராத்திரி பத்து வரைக்கும்."

"அந்த எட்டு மணி நேரம் புத்தகம் எங்க இருக்கும்?"

"வீட்டுலதான் கிடக்கும். ஆலைக்குள்ள கொண்டுபோக விட மாட்டாங்களே."

"அந்த எட்டு மணி நேரத்தை மட்டும் குடுங்க. புத்தகம் உங்களுடையதுதான். ஆலைக்குப் போற வழியில இங்க இறக்கிட்டுப் போங்க. பத்து மணிக்கு நீங்க வெளியே வரும்போது, புத்தகத்தோட ஆலை வாசல்ல நான் நிப்பேன். இன்னைக்கு, நாளைக்கு, சனிக்கிழமை. ஒரு பக்கம் மடங்கியிருந்தாலும் என்னைக் கேளுங்க."

"சார், நீங்க எதுக்கு இவ்வளவு..."

"நான்தான் தம்பி எடுத்துட்டு வரணும். வேற யாரும் இல்ல."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"யோசிக்கணும் சார். வீட்டுலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு, நாளைக்குக் காலையில சொல்லட்டுமா?"

இசக்கியம்மாள் வாசற்படியில் நின்றுவிட்டிருந்தார். திரும்பவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை.

"நாளைக்குன்னு சொல்லாதீங்க தம்பி," என்றார் தங்கையா. "அவங்களுக்கு இருக்கிறதே மூணு நாள். அதுல ஒண்ணு இந்த நிமிஷம் கரைஞ்சுக்கிட்டிருக்கு. வீட்டுல கேளுங்க, இப்பவே கேளுங்க, நான் லைன்லயே இருக்கேன். கேட்டுட்டு வண்டியை எடுங்க. இன்னைக்கே வாங்க தம்பி, ரெண்டு மணிக்கு முன்னாடி வாங்க."